மெல்லத் தட்டியவர்

கதவு விரியத் திறந்துதான் கிடக்கிறது. மதீனா பீவி நடுக்கூடத்தில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியபடி, வருகிறவரைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறாள். இருந்தாலும் தளவாய் வாசல் நிலையில் இடது கை முட்டியால் டொக் டொக் என்று தட்டுகிறார். தட்டிவிட்டு, தோளில் போட்டிருக்கும் இஸ்திரித் துணிகளை இறக்காமல், தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணே, நல்லாக் கேட்டுச்சு" என்கிறாள் பீவி.

அதற்குப் பிறகுதான் துணி கை மாறும். ஏதோ யோசனையில் அவள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் மறுபடியும் தட்டுவார், இன்னும் கொஞ்சம் ஓங்கி. அதற்கும் பதில் இல்லையென்றால் நிலையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் அந்தச் சந்தில் இதெல்லாம் பழகிப்போன விஷயம். எண்ணெய் விற்க வருகிற பேலாபூர்க்காரன்கூடத் தளவாயைக் கண்டால், தட்டுவதற்கு முன்பே "சுனா, சுனா", கேட்டது, கேட்டது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

திறந்த கதவைத் தட்டுவதைச் சகித்துக்கொள்ளலாம். பூட்டின கதவைத் தட்டுவதுதான் சங்கடம். ஆண்கள் தோல் ஷாப்புக்கும் மில்லுக்கும் போய், பெண்கள் வேலைக்குப் போய், பகல் வேளையில் சந்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருக்கும். ஈ பறக்கிற சத்தம் காதில் விழும். அந்த அமைதியில் எங்கிருந்தோ டொக் டொக் என்று கேட்கும். வெளியே கைப்பூட்டு தொங்குகிற கதவில் தளவாய் காதை வைத்துக்கொண்டு நிற்பார்.

"என்ன அண்ணாச்சி, ஆள் இல்லாத வீட்ல என்ன பாக்கிய?"

"ஆள் இல்லன்னு எப்படிச் சொல்லுத? உள்ள மூச்சு விடுத சத்தம் கேக்குல்லா."

இதைக் கேட்டவர்களுக்கு முதுகு சில்லிடாமல் என்ன செய்யும்? புதிதாகக் குடிவந்த ஒருத்தி, தான் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று அறிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இருந்தவர்களும் வேலைக்குப் போகும்போது பூட்டைப் போட்டுவிட்டு, ஒரு தரம் திரும்பி அந்தக் கதவைப் பார்த்துவிட்டே போகிறார்கள். வீடு பூட்டினபடி இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

எல்லாக் கதவையும் தட்டுகிற மனுஷன் ஒரே ஒரு கதவின் பக்கம் மட்டும் போவதில்லை. சந்து போய் முட்டுகிற சாலையில், அவருடைய இஸ்திரிக் கடைக்கு நேர் எதிரே, போலீஸ் சௌக்கி என்கிற சின்னக் காவல் நிலையம் இருக்கிறது. நீலக் கதவு, பக்கத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்த இடம் வந்தால் தளவாய் சாக்கடை ஓரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்.

தளவாய் என்றால் படைத்தலைவர் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, இவர் ஆயுசில் ஓங்கிப் பிடித்தது இஸ்திரிப்பெட்டி ஒன்றைத்தான். சேரன்மாதேவிப் பக்கம் சொந்த ஊர். ஆள் ஒல்லி. பேச்சும் மெல்ல, நடையும் மெல்ல, யாரையும் ஏறெடுத்துப் பார்க்கக்கூட யோசிக்கிற கூச்சம். ஆனால் பெட்டியில் சிரட்டைக் கரியைப் போட்டு ஊதிவிட்டால் அடேயப்பா, வேறு மனுஷன். மடிப்பு விஷயத்தில் மாதுங்காவிலிருந்து துணி அனுப்புகிற பெரிய ஆபீசர்கள்கூட இவரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. கசங்கின துணியைக் கொடுப்பதைவிட அன்றைக்குச் சோறு இல்லாமல் படுத்துக்கொள்வார்.

சௌக்கிக் காக்கி உடுப்பு முழுக்க அவரிடம்தான் வரும். அதற்கு மட்டும் கஞ்சி கூட.

"காக்கின்னா வெறப்பா இருக்கணும். தரைல நிறுத்துனா ஆள் இல்லாமலே நிக்கணும், பாத்துக்க" என்பார். அப்போது அது வெறும் தொழில் பெருமை.

தை போய் மாசி பிறந்திருந்த சமயம். அதற்குச் சில நாள் முன்பிருந்தே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தாதரில் ஒரு காப்பிக் கடைப் பலகையை உடைத்தார்கள், செம்பூரில் ஒருவரை ரயிலிலிருந்து இறக்கி அடித்தார்கள், மதராசிகள் எல்லாம் பம்பாயை விட்டு மூட்டை கட்ட வேண்டுமாம் என்றெல்லாம். கேட்டவர்கள் பயந்தார்கள், பயந்தபடியே வேலைக்கும் போனார்கள். எதிரே போலீஸ் சௌக்கி இருக்கிற சந்துக்குள் எவன் வரப்போகிறான் என்று ஒரு தைரியம்.

வந்தார்கள். பட்டப்பகல், டீ குடிக்கிற நேரம். வாளும் சைக்கிள் சங்கிலியும் இரும்புக் கம்பியுமாகச் சாலை முனையில் கூட்டம் திரும்பியபோது, தளவாய் சௌக்கிக்குப் போகிற வழியில், சாலையின் நடுவில் இருந்தார். மடித்த காக்கி உடுப்புகளை வலது கையில் அடுக்கி, மடிப்பு கலையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கடைகளின் பலகைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. திரும்பி ஓட இடமில்லை. அவர் சௌக்கியை நோக்கி ஓடினார்.

பேராச்சி அவருடைய மனைவி. கடைப் பலகையைப் பாதி சாத்தினபடி, இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்தான். நீலக் கதவு சாத்தியிருந்தது. தளவாய் தட்டினார். பின்னால் கூட்டம் வந்துகொண்டிருந்தது. மறுபடியும் தட்டினார். 'துணியைக் கீழே போட்டுவிட்டு ரெண்டு கையாலும் இடிக்கக் கூடாதா இந்த மனுஷன்' என்று அவளுக்குத் தோன்றியது. தளவாய் துணியைப் போடவில்லை. தினமும் சாயங்காலம் உடுப்புக் கொடுக்க வந்து தட்டுகிற அதே கதவை, அதே இடது கை முட்டியால், வாள் வந்து விழுகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வெட்டு அவருடைய வலது தோளில் விழுந்து இறங்கியது. கையில் அடுக்கியிருந்த கஞ்சி போட்ட துணி கொஞ்சம் தாங்கிக்கொண்டதாகவும், இல்லாவிட்டால் கையே தனியாகப் போயிருக்கும் என்றும் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "போலீஸ் காப்பாத்தலேன்னு யாரு சொன்னா? உடுப்பு காப்பாத்திச்சுல்லா, உள்ள ஆள்தான் இல்ல" என்று சந்தில் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் காறித் துப்புகிற வேகம் இருந்தது.

ஆத்திரம் இருக்காதா பின்னே? மருந்துக் கடை டெலிபோனிலிருந்து பெரிய போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டவர்களிடம், "வண்டி வருகிறது, வைத்துவிடு" என்ற பதிலையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைகள் எரிந்தன. ஆட்கள் வெட்டுப்பட்டு விழுந்தார்கள். வந்தவர்கள் வேலை முடித்து, குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, நடந்தே திரும்பிப் போனார்கள். சாம்பல் ஆறின பிறகு வண்டி வந்தது. வந்தவர்கள் சாலையில் நின்று, கூட்டம் கூடக் கூடாது என்று சந்துக்காரர்களைப் பார்த்துத் தடியை ஓங்கினார்கள்.

தளவாய் உயிர் பிழைத்தார். வலது கை தோளிலிருந்து துவண்டு தொங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் பேராச்சியிடம் கேட்ட முதல் கேள்வி துணியைப் பற்றியது. ரத்தம் தோய்ந்த அந்த உடுப்புகளை அவள் கறை போகத் துவைத்து, கிழிந்ததைத் தைத்து, கஞ்சி போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பொய் இல்லை. சௌக்கி ஹவல்தாரின் சட்டை முதுகில் அவள் போட்ட தையல் இன்றைக்கும் தெரியும். இரண்டாவது கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, நான் மெல்லத் தட்டிட்டேனோ?"

"என்ன சொல்லுதிய?"

"துணி கொண்டாந்தா எப்படித் தட்டுவனோ அப்படித் தட்டிட்டேன். இஸ்திரிக்காரன்தானே, அப்புறம் தொறப்போம்னு உள்ள இருக்கவுக நெனச்சிருப்பாக. உசிரு போகுதுன்னா ஒரு மனுசன் எப்படித் தட்டணும்? நான் தட்டலியே."

"எனக்கு ரோட்டுக்கு இந்தாண்ட கேட்டுச்சே! அம்புட்டுக் கூச்சல்லயும் கேட்டுச்சே!"

"நீ எம் பொண்டாட்டி. ஒனக்குக் கேக்கும்."

 போதாக்குறைக்கு இன்னொன்றையும் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம், தன் முகத்துக்கு நேரே, யாரோ மூச்சு விட்டுக்கொண்டு நின்றதாகச் சொன்னார். 

சாந்திக் கூட்டம் என்று பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒன்று நடந்தது. போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாதுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் வந்திருந்தார். ரயில்வே ஆபீசில் வேலை. சந்துக்காரர்களுக்காக இங்கிலீஷில் பேசுவதற்கென்று சம்பள நாளில் லீவு போட்டுவிட்டு வந்த நல்ல மனுஷர். சௌக்கிக்கு நேர் எதிரே வெட்டினார்களே, ஏன் கதவைத் திறக்கவில்லை என்று அவர் கேட்டார். அன்றைக்குச் சௌக்கியில் யாருமே இல்லை, எல்லோரும் பெரிய சாலைக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள், பூட்டிய கட்டடத்தை யார் தட்டியிருக்க முடியும் என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். கொட்டகை கொதித்தது. "பொய், பொய்" என்று பெண்கள் கத்தினார்கள். சுவர் ஓரத்தில் நின்ற ஹவல்தார் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தளவாய், எழுந்து நில்லும். ஓங்கி ஓங்கித் தட்டினேன், உள்ளே ஆள் இருந்துதுன்னு சொல்லும். அது போறும்" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

தளவாய் எழுந்து நின்றார். தொங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். ஊரே வாயைப் பார்த்தது.

"அவுக மேல தப்பு இல்ல சாப். நான் மெல்லத்தான் தட்டினேன்."

அவ்வளவுதான். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். வேங்கடசுப்ரமணியன் தலையில் கையை வைத்துக்கொண்டார். வீடு எரிந்தவர்களும் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவர்களும் தளவாயைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமல்ல. வெட்டுப்பட்டவனே வக்காலத்து வாங்கினால் மற்றவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது? சிலர் அன்றோடு அவருக்குத் துணி போடுவதையே நிறுத்தினார்கள். அவர் கதவு கதவாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் அதன் பிறகுதான். எவ்வளவு ஓங்கித் தட்டினால் உள்ளே கேட்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும் அவருக்கு. வைகிறவர்களும் அவர் வாசலில் வந்து நின்றால் "கேட்டுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். பாவம் பார்த்துச் சொல்கிறார்களா, பயந்துகொண்டு சொல்கிறார்களா என்று தெரியவில்லை. தளவாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஒருவர் சொல்வதையும் நம்ப மாட்டார்.

கடையில் இப்போது இடது கையால்தான் பெட்டியை ஓட்டுகிறார். சௌக்கிக்குத் துணி வாங்கப் போவதும் கொடுக்கப் போவதும் பேராச்சி. காறித் துப்ப வேண்டிய இடத்துக்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கிறாளே என்று அவளையும் பேசினார்கள். அவள் நிறுத்தவில்லை. அந்த வாசலுக்குப் போய் வர அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. போய் வந்ததில் ஒன்றைக் கவனித்தாள். அவள் கையை ஓங்கி, முட்டி கதவில் படுவதற்குள் கதவு திறந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். திறக்கிறவர் அதே ஹவல்தார். தட்டுகிற சத்தம் காதில் விழக் கூடாது என்று பகலெல்லாம் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. 

வைகாசி முடிகிற சமயம், ஒரு நாள் அவள் துணியைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. தனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியும் திருநெல்வேலியும் கலந்து கேட்டே விட்டாள்.

"கேஸ் நஹி சாப். எழுத்து நஹி. யாரு கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரர்ட்ட வந்து ஒரு வார்த்தை, 'சுனா தா'ன்னு சொல்லிருங்க. அவரு தட்டினது கேட்டுச்சுன்னு சொல்லிட்டா எந்திரிச்சு உக்காந்திருவாரு. இல்லன்னா இப்படியே தட்டித் தட்டிப் பைத்தியமாப் போயிருவாரு."

ஹவல்தார் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வயசுக்காரர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சௌக்கி காலி தா, பாயீ" என்றார். அன்றைக்குச் சௌக்கியில் யாரும் இல்லையம்மா என்று.

கதவு சாத்திக்கொண்டது. பேராச்சி சாலையைத் தாண்டுவதற்குள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்குள், சாத்தின கதவைப் பார்த்தபடி ஹவல்தார் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையைக் கதவுமேல் அழுத்தி வைத்திருந்தார், வெளியே யாரோ தள்ளுவது போல.

மழை பிடித்துக்கொண்டது. சந்தில் கணுக்கால் தண்ணீர். ஒரு மத்தியானம், கடைப் பலகையைப் பாதி இறக்கி, கரிச் சூட்டில் ஈரத்தைக் காய வைத்துக்கொண்டு தளவாயும் பேராச்சியும் உள்ளே இருந்தார்கள். பலகையில் யாரோ தட்டினார்கள்.

டொக் டொக்.

அந்தச் சந்தில் தட்டுகிறவர் ஒருவர்தான். அவர் உள்ளே இருக்கிறார்.  தளவாய் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடியும் தட்டுச் சத்தம். அவர் எழுந்து போய்ப் பலகையைத் தூக்கினார்.

ஹவல்தார் தொப்பி இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார். கல்யாண் பக்கம் மாற்றல் ஆகிவிட்டதாம். சாயங்கால ரயிலுக்குப் போகிறாராம். உடுப்பு இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தாராம். இதையெல்லாம் அவர் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"இஸ்திரி ஆயிட்டு சாப்" என்றார் தளவாய். துணியை எடுத்தார். முதுகில் தையல் போட்ட சட்டை மேலாக இருந்தது. இடது உள்ளங்கையில் துணிக்கட்டை வைத்து, ஒரு மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தட்டுவதற்குக் கை ஒழியவில்லை. அதனால் கால் கட்டை விரலால் பலகையின் அடியில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.

"சுனாயி தியா, சாப்?" கேட்டுச்சா?

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஹவல்தார் முகத்தில் மழை வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"சுனா தா" என்றார். "உஸ் தின் பீ சுனா தா, தளவாய்." அன்றைக்கும் கேட்டது.

 இந்த ஒரு வார்த்தைக்குத்தானே பேராச்சி அந்த வாசலுக்கு அத்தனை நடை நடந்தாள்? வார்த்தை வந்துவிட்டது. ஆனால் கேட்டது என்றால், கேட்டும் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? எதைக் கேட்டு வாங்கினோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மெல்லத் தட்டினேனா, சாப்?"

"நஹி" என்றார் ஹவல்தார். "பஹுத் ஜோர் ஸே." மெல்ல இல்லை, ரொம்ப ஓங்கி. "மைன் தர்வாஜே கே பீச்சே கடா தா." நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

"நீங்கதான் மூச்சு விட்டியளா?" என்று தமிழில் கேட்டார் தளவாய். ஹவல்தாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, உடுப்பை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார்.

தளவாய் அவர் முகத்தைப் பார்த்தார். யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன், நன்றாக நிமிர்ந்து, இமை கொட்டாமல் பார்த்தார். இடது கையைத் துணியோடு முன்னால் நீட்டினார். நீட்டின கை ஹவல்தாரின் கைகளுக்கு வந்து சேரவில்லை. ஒரு சாண் விலகி, வாசலுக்கு வெளியே, மழைக்குள் போய் நின்றது. வாள் விழுந்தபோதுகூட விடாத அந்த உடுப்பை உள்ளங்கையில் வைத்தபடி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே ஓடுகிற தண்ணீரில் கையைக் கவிழ்த்தார்.